ஊசி ஏழு, ஊசி இரண்டு: கோவில்பட்டி – ஓட்டப்பிடாரம் சாலையில் இரண்டு நாள்

வயர்லெஸ் இணைப்பு போடுகிறவர்கள் எனக்கு எழுதும் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். "இந்த முனையில் சிக்னல் நன்றாகக் காட்டுகிறது, அந்த முனையில் பாதிகூட இல்லை. ஒரே பாதை, ஒரே தூரம். எப்படி?" தோட்டத்துக் கேமராவை வீட்டோடு இணைப்பவரும் கேட்கிறார், ஊருக்கே இன்டர்நெட் கொடுப்பவரும் கேட்கிறார். நான் சொல்லும் முதல் பதில், பையைத் தூக்கிக்கொண்டு மறுமுனைக்குப் போங்கள் என்பது. உட்கார்ந்த இடத்திலிருந்து இதற்கு விடை கிடைக்காது. அப்படி நான் போய்வந்த ஒரு பயணத்தை, போக நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். நேரம், தூரம், கட்டணம் எல்லாம் என் பழைய நோட்டில் இருந்தபடி.

1983 மார்ச். எனக்கு இருபத்தெட்டு வயது. மதுரையில், வயர்லெஸ் செட் விற்கும் ஒரு சிறு கம்பெனியில் சர்வீஸ் வேலை. எனக்குத் தெரியாத செட் இன்னும் தயாராகவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்த காலம். கோவில்பட்டியில் எங்கள் செட்டை வாங்கியிருந்த ஒரு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. வறட்சிக் கிராமங்களுக்கு லாரியில் தண்ணீர் அனுப்புகிறவர்கள் என்பது போதும். "வெளி நிலையத்துச் செட் நல்ல நிலையில் இருக்கிறதா என்று சோதித்து எழுத்துமூலம் சான்று தரவும்" என்று கேட்டிருந்தார்கள். ரிப்பேர் செய்யச் சொல்லவில்லை, சான்று கேட்டார்கள். அது எனக்குக் கொஞ்சம் வித்தியாசமாகத்தான் பட்டது.

மதுரையிலிருந்து காலை ஆறேகால் பஸ். நூறு கிலோமீட்டர், எட்டு ரூபாய் நாற்பது காசு. ஒன்பது மணிக்குக் கோவில்பட்டியில் இறங்கினேன். சோதனைக் கருவிகள் வைத்த பெட்டி ஒன்பது கிலோ. அதற்குத் தனி டிக்கெட் போடுவேன் என்று கண்டக்டர் சாத்தூர் வரைக்கும் மிரட்டிக்கொண்டே வந்து, அப்புறம் மறந்துவிட்டார். பெட்டியை மடியில் வைத்துக்கொள்ளுங்கள், சண்டை மிச்சம்.

அலுவலகம் ஒரு வாடகை மாடியில். கீழே வீட்டுக்காரர் மைதீன் அண்ணாச்சியின் இரும்புக்கடை, பின்பக்கம் அவர் வீடு. மொட்டை மாடியில் எங்கள் ஏரியல் கம்பத்துக்குப் போட்டியாக இன்னொரு கம்பம், உச்சியில் இலங்கை டிவி பிடிக்கிற ஏரியல். அப்போது அந்த வட்டாரத்தில் வசதியுள்ளவர்கள் வீட்டிலெல்லாம் இப்படி ஒரு கம்பம் எழும்பிக்கொண்டிருந்தது. பார்த்தேன், பக்கத்தில் இருக்கிறதே என்று நினைத்தேன், அத்தோடு விட்டுவிட்டேன்.

மாடியில் இரண்டு பேர். அதிகாரிக்கு ஐம்பது வயதிருக்கும். செட்டில் பேசுகிற ஆபரேட்டர் அந்தோணி. அந்தோணி செட்டை ஆன் செய்து கொடுத்தார். வாட் மீட்டரை மாட்டிப் பார்த்தேன். இருபத்தைந்து வாட், கொடுக்க வேண்டியதைக் கொடுக்கிறது. ஏரியலும் கேபிளும் சுத்தம். அதன் பிறகுதான் அதிகாரி விஷயத்தைச் சொன்னார்.

"நம்ம ஸ்டேஷன் ஓட்டப்பிடாரம் போற வழியில இருக்கு தம்பி. அங்கன சீனிராஜ்னு ஒருத்தன். தற்காலிக வேலைதான். நாளைக்கு எந்தெந்த ஊருக்கு லாரி போகணும்னு இங்கருந்து சாயங்காலம் ஆறரைக்கு லிஸ்ட் சொல்லுவோம். அவன் 'கேக்கல சார், திரும்பச் சொல்லுங்க'ங்கான். பத்துத் தடவை சொன்னாலும் கேக்கலங்கான்."

"அவர் பேசுறது உங்களுக்குக் கேக்குதா?"

"அதுதான விசயமே. பக்கத்துல நின்னு பேசுத மாதிரி கேக்குது. இம்புட்டுத் தெளிவாப் பேசுதவனுக்குக் காது மட்டும் கேக்கலியாம். காலையில கேக்குது, மத்தியானம் கேக்குது, சாயங்காலம் கேக்காது. காது என்ன ஷிப்டு பாக்குதா?"

லிஸ்ட் கிடைக்காத நாளில் ஒரு விதி இருந்தது. பக்கத்து ஊருக்கு முதலில் லாரியை விட வேண்டும். அந்தப் பக்கத்து ஊர் சீனிராஜின் மாமனார் ஊர். பல நாள் மறுநாள் காலை செட்டில் திரும்பச் சொல்லிச் சமாளித்திருக்கிறார்கள். மூன்று முறை அதற்குள் லாரி கிளம்பிவிட, தூரத்துக் கிராமங்களில் குடத்தோடு நின்ற சனங்கள் லாரி வராமல் திரும்பிப் போயிருக்கிறார்கள். சீனிராஜுக்கு மூன்று மெமோ கொடுத்தாயிற்று. என் சான்று கைக்கு வந்ததும் நான்காவது காகிதம், வேலையை விட்டு நீக்கி. "செட்டுல கோளாறுன்னு அவன் சொல்லக்கூடாதுல்லா, அதுக்குத்தான் உங்களக் கூப்பிட்டோம்" என்றார். நியாயமாகத்தான் பட்டது. எனக்கும் அந்த ஆள் மேல் கோபம் வந்தது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

பதினொன்றே காலுக்குப் பசுவந்தனை வழியாகப் போகும் பஸ். இறங்க வேண்டிய இடம் முப்பத்தாறு கிலோமீட்டர், மூன்று ரூபாய் பத்துக் காசு, ஒரு மணி நாற்பது நிமிடம். வலதுபக்கம் உட்காராதீர்கள், வெயில் முழுக்க முகத்தில்தான். இரண்டு பக்கமும் கரிசல், எடுத்து முடித்த பருத்திக் காடு, கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு. மலை, குன்று எதுவும் கிடையாது. வயர்லெஸ்காரனுக்கு இதைவிட நல்ல ஊர் அமையாது. இங்கே அலைக்குத் தடையாக ஒன்றும் இல்லை, ஆகவே அந்த ஆள் பொய்தான் சொல்கிறார் என்று பஸ்ஸிலேயே முடிவு கட்டிவிட்டேன்.

நிலையம் என்பது ஒரு ஆழ்துளைக் கிணறு, ஒரு தொட்டி, லாரி நிற்கிற மேடு, ஓடு போட்ட ஒரு அறை. அறைக்கு இருபதடி தள்ளி ஒரு மாவு மில். சீனிராஜுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். சட்டைப் பையில் இரண்டு பேனா. நான் எதற்காக வந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனாலும் முதலில் தண்ணீர்தான் கொடுத்தார்.

இரண்டு மணி நேரம் சோதித்தேன். செட்டில் ஒரு குறையும் இல்லை. அதன் காது, அதாவது ரிசீவர், கூர்மையாக இருக்கிறது, குரலும் இருபத்தைந்து வாட். மூன்று மணிக்குக் கோவில்பட்டியைக் கூப்பிட்டேன். அந்தோணி பதில் பேசியபோது, வருகிற அலையின் பலத்தைக் காட்டச் செட் முகப்பில் இருக்கும் சின்ன மீட்டரில் ஊசி ஏழுக்கு ஏறியது. அங்கே எவ்வளவு என்று அந்தோணியிடம் கேட்டேன். அங்கேயும் ஏழு. போக ஏழு, வர ஏழு. பாடப்புத்தகத்தில் இருப்பதுபோல. இரண்டு ஊருக்கும் நடுவே அலை இழக்கிற பலம் எந்தத் திசையில் போனாலும் ஒன்றுதான், அதில் மாற்றமே கிடையாது. நான் உட்கார்ந்து சான்று எழுதினேன். "வெளி நிலையத்துச் செட் முழுமையாக நல்ல நிலையில் உள்ளது." கையெழுத்தும் போட்டேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

சீனிராஜ் எட்டிப் படித்தார். "செட்டு நல்லாருக்குதுன்னு எனக்கும் தெரியும் சார். சாயங்காலம் ஆறரைக்கு இருந்து ஒருக்கா கேட்டுட்டு எழுதுங்க" என்றார். கெஞ்சவில்லை, கடையில் சாமான் சொல்வதுபோலச் சொன்னார். ஐந்து நாற்பதுக்குக் கடைசி பஸ் என்றேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிட்டேன்.

பஸ் தூரத்தில் புழுதியோடு வரும்போது அவர் ஒரு நோட்டோடு வந்தார். நாளும் நேரமும் ஊசி எண்ணும் கட்டம் போட்டு எழுதிய நோட்டு. யாரும் எழுதச் சொல்லவில்லை, அவராகவே டிசம்பரிலிருந்து எழுதியிருக்கிறார். காலை ஏழு, மதியம் ஏழு, மாலை இரண்டு. காலை ஏழு, மதியம் ஏழு, மாலை இரண்டு. பக்கம் பக்கமாக இப்படியே. நடுநடுவே சில நாள் மட்டும் மாலையிலும் ஏழு. அதன் எதிரே "கரண்ட் இல்லை, லிஸ்ட் முழுசும் கேட்டது" என்று எழுதியிருந்தது. இங்கேதான் நான் நின்றேன். கேட்கவில்லை என்று நடிக்கிறவர், நன்றாகக் கேட்ட நாளை எதற்காக எழுதி வைக்க வேண்டும்?

பஸ் வந்தது, போனது. நான் ஏறவில்லை.

கரண்ட் இல்லாத நாளில் கேட்கிறது, இருக்கிற நாளில் கேட்கவில்லை. எனக்கு விடை உடனே கிடைத்துவிட்டது. மாவு மில். மோட்டாரில் பொறி பறந்தால் அந்த இரைச்சலில் ரிசீவர் குழம்பும். ஒரு திசையில் மட்டும் கேட்காமல் போவதற்கு அடிக்கடி இதுதான் காரணம், கேட்கிறவன் பக்கத்தில் சத்தம். சீனிராஜிடம் இதைப் பத்து நிமிடம் விளக்கினேன். மில்காரரைப் பார்த்து, ஆறரைக்கு ஐந்து நிமிடம் மோட்டாரை நிறுத்தச் சொல்லி ஏற்பாடு செய்தேன். அரைக்க வந்த பெண்கள் முணுமுணுத்தார்கள்.

ஆறரை. மில் நின்றது. அந்தோணி கூப்பிட்டார். ஊசி இரண்டு. இரைச்சலுக்கு நடுவே கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு குரல், ஏதோ ஊர்ப் பெயர், மறுபடி இரைச்சல்.

மில்காரர் வாசலில் வந்து நின்று, "ஓட்டலாமா சார்?" என்று கேட்டார். ஓட்டச் சொன்னேன். ஓடியது. ஊசி அசையவில்லை, அதே இரண்டு.

சீனிராஜ் மெதுவாகச் சொன்னார், "சார், கரண்ட் இல்லன்னு எழுதியிருக்கது இங்கன இல்ல. அங்கன, கோவில்பட்டியில. அன்னைக்கு பேட்டரில பேசுதோம்னு அந்தோணி சொல்லுவாரு."

கன்னத்தில் அறை வாங்கியதுபோல இருந்தது. அவர் சொன்னது மட்டுமில்லை, ஊசியும் அதையே சொல்லிக்கொண்டிருந்தது. இரைச்சல் ஊசியை இறக்காது, ஏற்றத்தான் செய்யும். ஊசி இறங்கினால் வருகிற அலையே மெலிந்திருக்கிறது என்று பொருள். பாதை மெலியவில்லை, ஏனென்றால் அதே பாதையில் சீனிராஜின் குரல் ஏழாகப் போய்ச் சேருகிறது. அப்படியென்றால் சாயங்காலம் கரண்ட் இருக்கும்போது கோவில்பட்டி செட் குறைவாகக் கத்துகிறது. ஏன் என்று அங்கே போய்த்தான் பார்க்க வேண்டும். அன்று அங்கேயே தங்கினேன். சீனிராஜ் வீட்டிலிருந்து கம்மஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும் வந்தன. சான்றை அவர் கண்ணெதிரே கிழித்தேன். அவர் கிழிசல்களைப் பொறுக்கி அடுப்பில் போட்டார்.

மறுநாள் காலை ஆறு பத்துக்கு முதல் பஸ். கோவில்பட்டிக்கு வந்து, இன்னும் வேலை முடியவில்லை என்று மட்டும் அதிகாரியிடம் சொல்லிவிட்டு, மதியத்துக்குப் பிறகு செட்டுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். நான்கு மணி, இருபத்தைந்து வாட். ஐந்து, இருபத்தைந்து வாட். ஐந்தே முக்காலுக்கு அண்ணாச்சி வீட்டுப் பக்கம் செருப்புகள் சேர ஆரம்பித்தன. தெருவில் பாதிப் பேர் அங்கேதான் டிவி பார்ப்பார்கள்.

ஆறு மணிக்குக் கீழேயிருந்து மைதீன் அண்ணாச்சியின் குரல். "அந்தோணி, படம் போட்டாச்சு."

அந்தோணி ஏதோ காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தார். எழுதுவதை நிறுத்தாமல், நிமிராமல், இடது கையை நீட்டிச் செட்டில் ஒரு பொத்தானைக் கீழே தட்டினார். சாரல் அடித்தால் ஜன்னலைச் சாத்துவோமே, அப்படி. வாட் மீட்டரைப் பார்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனாலும் பேசிப் பார்க்கச் சொன்னேன். ஒரு வாட்.

"இப்ப என்ன செஞ்சீங்க?"

"டிவிக்கு வழி விட்டேன் சார்" என்றார் அந்தோணி, நான் எதற்குக் கேட்கிறேன் என்று புரியாமல்.

டிசம்பரில் அண்ணாச்சி டிவி வாங்கியிருக்கிறார். இலங்கையிலிருந்து வருகிற மெலிந்த சிக்னல். மாடியில் யாராவது பேசினால் படம் முழுக்கக் கோடு. வாடகைக்கு இருக்கிறவர்கள் வீட்டுக்காரரின் டிவியைக் கெடுக்கலாமா? அதிகாரியே இறங்கிப் போய்ப் பேசி, செட்டை லோ பவரில் வைத்துப் பார்த்து, கோடு மறைந்ததும், "படம் ஓடுத நேரம் மட்டும் இதுல வையி" என்று அந்தோணியிடம் சொல்லியிருக்கிறார். லோவில் வைத்துவிட்டு, நிலையத்தைக் கூப்பிட்டும் சோதித்திருக்கிறார். சீனிராஜின் குரல் எப்போதும்போலக் கணீரென்று கேட்டது. இணைப்பு நன்றாக இருக்கிறது என்று திருப்தியாகிவிட்டார். அவன் குரல் நமக்குக் கேட்பதை வைத்து நம் குரல் அவனுக்குக் கேட்கும் என்று எடுத்துக்கொண்டார். கரண்ட் போனால் டிவி கிடையாது, அண்ணாச்சி கூப்பிட மாட்டார், பொத்தான் மேலேயே இருக்கும்.

"பாதை ஒண்ணுதான தம்பி?" என்றார் அதிகாரி.

"ரோடு ஒண்ணுதான் சார். அங்கிருந்து லாரி வருது, இங்கிருந்து மாட்டுவண்டி போகுது."

அவர் நம்பவில்லை. மைக்கை அவரே வாங்கினார். மேலே தட்டி, "சீனிராஜ், ஊசி எவ்வளவு?" என்றார். "ஏழு சார்." கீழே தட்டிக் கேட்டார். கொஞ்சம் கழித்து, "ரெண்டு இருக்கும் சார், என்ன சொன்னீங்கன்னு சரியாப் புரியல." மேலே, ஏழு. கீழே, இரண்டு. ஐந்து முறை மாற்றி மாற்றிப் பார்த்தார். மேலே தட்டும்போதெல்லாம் கீழ்வீட்டிலிருந்து ஒரு கூட்டமே "ஓ" என்றது.

பிறகு மைக்கைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். "செட்டுல சின்னக் கோளாறு, சரி பண்ணியாச்சுன்னு எழுதிருங்களேன். அவனுக்கும் வேலை போகாது" என்றார். அப்படி எழுதினால் மூன்று மெமோவும் அப்படியே இருக்கும், தண்ணீரைத் திருப்பியவன் என்கிற பெயரும் இருக்கும் என்றேன். எங்கள் செட்டில் இல்லாத கோளாறை நான் எழுதமாட்டேன் என்றும் சொன்னேன். அதில் சீனிராஜுக்காகப் பேசியது எவ்வளவு, என் தொழில் கர்வம் எவ்வளவு என்று இன்றும் என்னால் பிரிக்க முடியவில்லை.

ஆறு முப்பத்தைந்து. அதிகாரி எழுந்து நின்று மைக்கைப் பிடித்தார். பொத்தான் மேலே. "சீனிராஜ், தப்பு இங்கன இருந்திருக்கு. பவர நாந்தான் குறைக்கச் சொன்னேன். மூணு மெமோவையும் ரத்து பண்ணுதேன், நாளைக்கே எழுத்துல வரும். ஒன்னிய சந்தேகப்பட்டது என் தப்புதான்." அவர் பேசி முடிக்கிற வரைக்கும் கீழே கூச்சல். அண்ணாச்சி பாதிப் படியேறி வந்து, அதிகாரி நிற்கிற நிலையைப் பார்த்துவிட்டு, அப்படியே இறங்கிப் போனார்.

மறுமுனையிலிருந்து தெளிவாக வந்தது.

"சரி சார். நாளைக்கு உள்ள லிஸ்ட்டச் சொல்லுங்க."

அதிகாரி பதினோரு ஊர்ப் பெயரையும் ஒவ்வொன்றாக வாசித்தார். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு "ஓ". சீனிராஜ் பதினொன்றையும் திருப்பிச் சொன்னார், ஒன்றுகூடத் தப்பவில்லை.

மறுநாள் காலை டிவிக்கு வருகிற கேபிளில் ஒரு சாண் நீளத்துக்குச் சற்று அதிகமாக ஒரு துண்டு கேபிளை அளந்து வெட்டி இணைத்துக் கொடுத்தேன். எங்கள் அலையை மட்டும் அது விழுங்கிவிடும். படம் லேசாக மங்கியது, கோடு போய்விட்டது. அண்ணாச்சி ஒரு இரும்புப் பூட்டு பரிசாகக் கொடுத்தார், இன்றும் என் வீட்டு வாசலில் தொங்குகிறது. ஊருக்குத் திரும்பும் வழியில் கடம்பூர் போளி வாங்க நினைப்பவர்கள் கவனிக்கவும், அது எதிர்த்திசை. நான் ஆசைப்பட்டுப் போய் மூன்று மணி நேரம் இழந்தேன், ஆனால் வருத்தமில்லை.

இனி போகிறவர்களுக்கு. இரண்டு முனையிலும் எண்கள் வேறுபட்டால் முதலில் பாதையைக் குறை சொல்லாதீர்கள், அது இரண்டு பக்கத்துக்கும் ஒரே அளவுதான் பிடித்தம் செய்கிறது. எந்த முனை எவ்வளவு பவர் விடுகிறது என்று பாருங்கள், யார் எதற்காகக் குறைத்து வைத்திருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். மீட்டர்கள் இரண்டும் ஒன்றுபோலக் காட்டும் என்று நம்பாதீர்கள், முடிந்தால் செட்டுகளை இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள், எண்ணும் செட்டோடு மாறுகிறதா என்று தெரிந்துவிடும். எண் நன்றாக இருந்தும் பேச்சு புரியவில்லை என்றால்தான் கேட்கிற முனையில் மோட்டாரும் இரைச்சலும் தேட வேண்டும். குறை சொல்லப்படுகிற நேரத்தில் அங்கே இருங்கள், உங்கள் பஸ்ஸுக்கு வசதியான நேரத்தில் அல்ல. அந்தக் காலத்தில் நான் செய்தது இரண்டாவதைத்தான்.

ஏப்ரலில் ஒரு முறை கோவில்பட்டிக்கு வேறு வேலையாகப் போனபோது செட்டில் சீனிராஜோடு பேசினேன். வேலை நிரந்தரமாகிவிட்டது என்றார். சந்தோஷம் என்றேன், ஊசி எவ்வளவு என்றேன், வெயில் எப்படி என்றேன். நான் அன்று பஸ்ஸிலேயே அவரைப் பொய்யன் என்று முடிவு கட்டியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மைக்கைப் பிடித்தபோது நினைத்திருந்தேன். இரண்டு பக்கமும் ஏழு, தெளிவென்றால் அப்படியொரு தெளிவு. அந்தோணி பக்கத்தில் இருக்கிறார் என்று சாக்குச் சொல்லிக்கொண்டேன். அதிகாரி தெருவே கூச்சல் போட நின்று மன்னிப்புக் கேட்டார். நான் கேட்கவில்லை.